முட்டியும் அதற்கு மேலும்

புள்ளிப் பட்டியலை என்னிடம் கேட்காதீர்கள்.
நான் அயர்லாந்து அணியின் பிசியோ.
இந்தப் பருவத்தை
ஃபியாக்ரா டூலனின் இடது காலில் படித்தவள்.

டிசம்பர், அர்ஜென்டினா.
சாந்தியாகோ தெல் எஸ்தெரோவில் அது சித்திரை.
இரவு ஒன்பது மணிக்கும்
தண்ணீர் தெளித்த நீலத் தரை
உலைமூடி திறந்ததுபோல் மூச்சுவிட்டது.
நான்கு கோல் வாங்கினோம்.
அவன் முட்டிக்குக் கீழே
நாவற்பழ நிறத்தில் முதல் வட்டம்.

கால்வேயிலிருந்து நாத்தனார் போனில் கேட்டாள்,
பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று.
சொன்னேன்:
ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால்
முகக்கவசம் மாட்டிக் குனிந்து நிற்பார்கள்.
பந்து அசைந்த கணத்தில் அதில் ஒருவன்
அடிப்பவனை நோக்கி நேராக ஓடுவான்.
எதற்கு?
வழியை அடைக்க.
பந்து பட்டால்?
படுவதற்குத்தானே ஓடுகிறான்.
முட்டிக்குக் கீழே பட்டால் மறுபடி கார்னர்.
முட்டியிலோ அதற்கு மேலோ பட்டால் பந்து நமக்கு.
இரண்டு விரற்கடைதான் வித்தியாசம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, சம்பளம் எவ்வளவு? என்றாள்.

சம்பளம்
லிமெரிக்கில் ஒரு கட்டட நிறுவனம் தருவது.
செங்கல் கணக்கு, கம்பிக் கணக்கு.
விடுப்பு தீர்ந்து
சம்பளமில்லா விடுப்பும் தீர்ந்து
பிப்ரவரியில் ரூர்கேலா போகும் விமானத்தில்
மடிக்கணினியைத் திறந்து
யார் வீட்டுக் குளியலறைக்கோ
ஓடு எண்ணிக்கொண்டிருந்தான்.

ரூர்கேலாவில் விடுதி லிஃப்டில்
பெட்டி தூக்கும் பையன், அனுரஞ்சன் கெர்கெட்டா,
இவன் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தான்.
"முதலில் ஓடுகிறவரா?"
சொந்த ஊரில் பன்னிரண்டு வருடமாக
ஒருவரும் கேட்காத கேள்வி.
ஐந்தாம் மாடியில் இறங்க வேண்டியவன்
எட்டுவரை போய்த் திரும்பினான்.

அங்கேதான் ஒரு டிரா,
ஷூட்-அவுட்டில் இன்னொரு புள்ளி.
பதினாறு ஆட்டத்துக்கும் விளைச்சல் அவ்வளவுதான்.
எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தியபோது
அவன் என் மேசையில் படுத்திருந்தான்,
காலில் பனிக்கட்டி,
மேற்கூரையைப் பார்த்தபடி
"யார் அடித்தது? யார்?" என்று.

ஜூன்.
ஆம்ஸ்டல்வீனில் இரண்டு தோல்வி.
ஆன்ட்வெர்ப்புக்கு வரும்போதே
நாங்கள் லீக்கை விட்டு இறங்கியது உறுதி.
கடைசி ஆட்டம். ஐந்துக்கு ஒன்று.
மணி அடித்துவிட்டது.
ஆனால் அதற்கு அரை நொடி முன்பு
பெல்ஜியத்துக்கு ஒரு கார்னர்.
நேரம் முடிந்தாலும் கார்னர் முடிய வேண்டும்,
சட்டம்.

உருளைக்கிழங்கு வறுவலோடு ஆட்கள் எழுந்து போகிறார்கள்.
யாரோ நாற்காலிகளை மடிக்கிறார்கள்.
இவன் முகக்கவசத்தை இறுக்குகிறான்.

ஓடினான். கணுக்காலுக்கு மேலே.
மறுபடி கார்னர்.
ஓடினான். அதே இடம், நான் கண்ணை மூடினேன்.
மறுபடி.
பந்தை இழுத்து எறியும் வான்டெவைவரே
நடுவரைத் திரும்பிப் பார்த்தான்,
போதுமே என்பதுபோல்.

மூன்றாவது முறை சத்தம் வேறாக இருந்தது.
நடுவர் ஓடிவந்து
விழுந்து கிடந்தவன் காலைக் குனிந்து பார்த்தார்.
கையை எங்கள் பக்கம் நீட்டினார்.
அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.
ஐந்துக்கு ஒன்று
ஐந்துக்கு ஒன்றாகவே நின்றது.

பேருந்தில் என் காயப்பதிவேட்டை எட்டிப் பார்த்தான்.
"கெண்டைக்கால் என்று போட்டிருக்கிறாயே."
முதல் இரண்டும் அதுதானே என்றேன்.
"கடைசியை எழுது.
முட்டி என்று எழுது."

எழுதினேன்.
இடது. முட்டி.
வெளியே மழை.
திங்கள் காலை எட்டு மணிக்கு
அவனுக்கு லிமெரிக்கில்
ஒரு மாடிப்படியை அளக்க வேண்டும்.
பெட்ரோல் நிலையத்தில் பனிக்கட்டி வாங்கினேன்,
பை நான்கு யூரோ.